ஆவணக் காப்பகங்களும் பொதுவாசிப்பும்

காவிரியின் கரையில் ஈரோட்டுக்கு எதிரே அமைந்துள்ள பள்ளிபாளையம், விசைத்தறிக்கும் காகித ஆலைக்கும் பெயர்பெற்றது. காகிதத்தின் ஆயுளை அவ்வூரார்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. மரக்கூழாலான பழைய மலிவுத்தாள், தன்னுள் தங்கிய அமிலத்தால் பழுப்பேறி, மடித்த இடத்தில் ஒடிந்துவிடும். நூறாண்டுகளுக்கு முந்தைய தமிழ் இதழ்களும் குஜிலிப் பாட்டுப் புத்தகங்களும் பெரும்பாலும் இத்தகைய தாளில் அச்சானவையே.

அவற்றைத் தேடித் தொகுத்தோருள் ஒருவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதும் ஓவியரான அவர், இலக்கிய நூல்களோடு, அறிஞர் பலரும் பொருட்படுத்தாத நாடக விளம்பரங்களையும் அழைப்பிதழ்களையும் சேர்த்துவைத்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைக்கு வாங்கியது; ஆயினும் கடல்கடந்து கொண்டுசெல்லவில்லை. அதனை அடித்தளமாகக் கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. நூல்கள் நுண்படச்சுருளில் பதிவுசெய்யப்பட்டன. உரிமை எவரிடம் இருந்தது என்பதினும், நூல்கள் எங்கே இருந்தன என்பதே தமிழ் வாசகர்க்கு முதன்மையாயிற்று.

எனினும் சென்னையும் தொலைவுதான். பள்ளிபாளையத்து மாணவர் ஒருவர் பழைய இதழின் ஒரு பக்கத்தைக் காண ஏறத்தாழ 400 கிலோமீட்டர் செல்ல வேண்டும்; பயணச்செலவே பலரைத் தடுத்துவிடும். தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017இல் தொடங்கிய தமிழ் மின்னூலகம் இத்தடையைப் பெருமளவு நீக்கியது. அரிய நூல்களையும் பருவ இதழ்களையும் எவரும் கட்டணமின்றிக் கைப்பேசியிலேயே படிக்கலாம். ஒடியும் தாளை மீண்டும் மீண்டும் புரட்ட வேண்டாத நிலையும் இதனால் வாய்த்தது.

அவ்வாறாயின் அனைத்தையும் மின்வடிவில் வெளியிட்டுவிடலாமே? சட்டம் குறுக்கிடுகிறது. இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள்வரை நூலின் பதிப்புரிமை நீடிக்கும். தமிழக அரசு உரியவர்க்குப் பரிவுத்தொகை வழங்கிப் பல எழுத்தாளர்களின் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியுள்ளது. அவற்றை எவரும் வெளியிடலாம். உரிமையாளர் இன்னாரென்றே தெரியாத நூல்களின் நிலைதான் இரங்கத்தக்கது. இசைவு தருவதற்கு ஆளில்லை, தாளோ காத்திருப்பதில்லை.

மின்வடிவம் பெற்றவற்றிலும் ஒரு சிக்கல் உண்டு. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னர் ணை, லை, றா முதலிய எழுத்துகள் வேறு வடிவில் அச்சிடப்பட்டன. அவற்றைக் கணினி தவறாகப் படித்தால், நூல் திரையில் இருந்தும் தேடுவோர் கண்ணில் படாது.