ஒரே பெயர், ஒரே ஒரு இலக்கம் வித்தியாசம்: எந்த பிராசசர் வாங்கலாம்?

லேப்டாப் வாங்கக் கடைக்குப் போகிறீர்கள். இரண்டு லேப்டாப்களைக் காட்டுகிறார்கள். இரண்டிலும் ஒரே நிறுவனத்தின் ஸ்டிக்கர், ஒரே பிராசசர் பெயர். ஆனால் விலையில் 4,000 ரூபாய் வித்தியாசம். "ரெண்டும் ஒண்ணுதான் சார், விலை குறைஞ்சதையே எடுத்துக்கோங்க" என்கிறார் விற்பனையாளர். என்ன செய்வீர்கள்?

2023 ஆகஸ்டில் என் சித்தப்பாவுக்கு இதே சிக்கல் வந்தது. கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கரில் தேயிலை வைத்திருப்பவர் அவர். மகளுக்கு கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருந்தது. மகளை அழைத்துக்கொண்டு மலையிறங்கி வந்தவர், கடையிலிருந்தே எனக்கு போன் செய்தார்.

"ஏப்பா, ரெண்டுலயும் ரைசன் 5ன்னுதான் போட்டிருக்கு. அப்புறம் எதுக்கு 4,000 ஜாஸ்தி? பச்சை இலை விக்கிற விலையில அது எத்தனை கிலோன்னு தெரியுமா?"

சாப்ட்வேர் இன்ஜினியர் என்பதால் நான் உடனே பதில் சொல்வேன் என்று எதிர்பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. முழு எண்ணைப் படிக்கச் சொன்னேன். தங்கை போனை வாங்கிப் படித்தாள். ஒன்று ரைசன் 5 7520யு. மற்றொன்று ரைசன் 5 7530யு. பத்து நிமிடம் அவகாசம் கேட்டு இரண்டின் விவரங்களையும் எடுத்துப் பார்த்தேன். அன்று நான் தெரிந்து கொண்டது உங்களுக்கும் பயன்படும்.

எண்ணைப் படிப்பது எப்படி?

ரைசன் பிராசசர்களைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம், லேப்டாப் பிராசசர்களுக்கு எண் வைக்கும் முறையை 2022 செப்டம்பரில் வெளியிட்டது. அதன்படி முதல் இலக்கம் 7 என்றால் 2023ஆம் ஆண்டு வரிசை. இரண்டாவது இலக்கம் பிராசசரின் தர வரிசை. மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைக் காட்டுவது. 2 என்றால் ஜென் 2. இது 2019ல் வந்தது. 3 என்றால் ஜென் 3 குடும்பம். இது 2020ல் தொடங்கியது. நான்காவது இலக்கம் அந்த வடிவமைப்புக்குள் மேல் மாடலா, கீழ் மாடலா என்று சொல்லும். கடைசியில் உள்ள யு, குறைந்த மின்சாரத்தில் இயங்குவதைக் குறிக்கும்.

ஆக, இரண்டு எண்களும் 7ல் தொடங்கினாலும் ஒன்றின் உள்ளே இருப்பது 2019ஆம் ஆண்டு வடிவமைப்பு. இதில் மோசடி ஏதும் இல்லை, விதியை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கடையில் நிற்பவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

உள்ளே என்ன வித்தியாசம்?

7520யுவில் 4 கோர்கள், 7530யுவில் 6 கோர்கள். கோர் என்பதை வேலை செய்யும் ஆள் என்று வைத்துக் கொள்ளுங்கள். அடிக்கடி தேவைப்படும் தகவல்களை பிராசசர் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் இடம் கேஷ் மெமரி. எல்3 எனப்படும் கேஷ் மெமரி முதலாவதில் 4 எம்பி, இரண்டாவதில் 16 எம்பி. உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் பகுதியும் இரண்டாவதில்தான் பெரியது.

ஏமாற்றும் எண்கள்

விவர அட்டையை மட்டும் பார்த்தால் 7520யுதான் சிறந்தது என்று தோன்றும். அதன் அடிப்படை வேகம் 2.8 கிகாஹெர்ட்ஸ். 7530யுவுக்கு 2.0 மட்டுமே. ஆனால் இரண்டுக்கும் மின்சார அளவு 15 வாட்தான். அதை 4 பேர் பங்கிட்டால் ஒருவருக்குக் கொஞ்சம் அதிகம் கிடைக்கும், 6 பேர் பங்கிட்டால் குறையும். அதனால்தான் அடிப்படை வேகம் குறைவாக இருக்கிறது. உச்ச வேகத்தைப் பார்த்தால் 7520யு 4.3, 7530யு 4.5 கிகாஹெர்ட்ஸ். நானும் கல்லூரியில் சேர்ந்தபோது கிகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்து ஒரு லேப்டாப் வாங்கி, நான்கு ஆண்டுகள் அதோடு மல்லுக்கட்டியவன்தான்.

அடுத்தது மெமரி. 7520யு ஏற்பது எல்பிடிடிஆர்5. கடையில் இருந்த மற்ற லேப்டாப்பில் டிடிஆர்4. 4ஐ விட 5 பெரியதுதானே என்று நினைப்போம். ஆனால் எல்பிடிடிஆர்5 மெமரியை மதர்போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். 8 ஜிபியுடன் வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். டிடிஆர்4 லேப்டாப்பில் ஸ்லாட் இருந்தால் பின்னால் மெமரியைக் கூட்டிக் கொள்ளலாம்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சுருக்கமாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ பாக்கெட் மேல பேரு ஒண்ணு, உள்ள கிரேடு வேறன்னு சொல்லு" என்றார். இதைவிட எளிதாக என்னால் விளக்க முடியாது.

யாருக்கு எது?

7520யு மோசமான பிராசசர் அல்ல. இன்டர்நெட், இமெயில், வேர்டு, எக்ஸெல், வீடியோ, ஆன்லைன் வகுப்பு ஆகியவற்றுக்கு அது போதும். சித்தப்பா தனக்காக வாங்கியிருந்தால், 4,000 ரூபாயை மிச்சம் பிடியுங்கள் என்றே சொல்லியிருப்பேன். ஆனால் தங்கை புரோகிராமிங் படிக்கப் போகிறாள். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, விர்ச்சுவல் மெஷின் போன்றவை கூடுதல் கோர்களையும் மெமரியையும் கேட்கும். நான்கு ஆண்டுகள் உழைக்க வேண்டிய லேப்டாப் அது. எனவே 7530யு வாங்கச் சொன்னேன்.

இன்டெல்லிலும் இதே கதைதான்

2022ல் வந்த கோர் ஐ5 1235யு, கோர் ஐ5 12450எச் இரண்டையும் பாருங்கள். முதலாவதில் 10 கோர்கள், இரண்டாவதில் 8. அப்படியானால் முதலாவதுதான் வேகமா? அதன் 10ல் முழு வேகக் கோர்கள் 2 மட்டுமே, மற்ற 8ம் மின்சாரத்தைச் சேமிக்கும் சிறு கோர்கள். இரண்டாவதில் முழு வேகக் கோர்கள் 4, சிறு கோர்கள் 4. கனமான வேலைக்கு இரண்டாவதே ஏற்றது. ஆனால் அதன் அடிப்படை மின்சார அளவு 45 வாட், யுவுக்கு 15 வாட். மழைக்காலத்தில் மரம் விழுந்து மணிக்கணக்கில் கரண்ட் போகும் எங்கள் நீலகிரி போன்ற ஊர்களில், பேட்டரி அதிக நேரம் நிற்கும் யு வகைதான் பலருக்கும் கைகொடுக்கும்.

கடையிலேயே சோதியுங்கள்

விண்டோஸ் லேப்டாப்பில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பாமன்ஸ் பகுதிக்குச் சென்று சிபியுவைக் கிளிக் செய்தால் பிராசசரின் முழுப் பெயரும் கோர்களின் எண்ணிக்கையும் தெரியும். பிறகு மெமரியைக் கிளிக் செய்யுங்கள். பார்ம் பேக்டர் என்ற இடத்தில் சோடிம் என்று இருந்தால் அது கழற்றி மாட்டக்கூடிய மெமரி. ரோ ஆஃப் சிப்ஸ் என்று இருந்தால் சால்டர் செய்தது. காலி ஸ்லாட் இருக்கிறதா என்பதையும் கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்து கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன ரைசன் எண் விதி 7000, 8000 வரிசை லேப்டாப் பிராசசர்களுக்கே பொருந்தும். 2024ல் வந்த ரைசன் ஏஐ 300 வரிசைக்கு வேறு முறை. எனவே எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் கோர்கள், கேஷ் மெமரி, வடிவமைப்பு, வாட் ஆகிய நான்கையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். பத்து நிமிட வேலைதான்.

இரண்டாம் ஆண்டில் தங்கைக்கு ஆண்ட்ராய்டு புரோகிராமிங் பாடம் வந்தது. 8 ஜிபி மெமரி போதவில்லை. புது லேப்டாப் வேண்டுமென்று கேட்கப்போகிறாள் என்று சித்தப்பா பயந்துவிட்டார். காலியாக இருந்த ஸ்லாட்டில் இன்னொரு 8 ஜிபி வாங்கிப் போட்டதோடு பிரச்சினை தீர்ந்தது.