உள்ளே இருக்கும் உறை மோர்

வீட்டில் யாராவது இந்தப் பக்கத்தை உரக்கப் படிக்கச் சொன்னால், பேசாமல் தொடர்கதைக்குத் தாவி விடுங்கள். இது நீங்கள் தனியாக உட்கார்ந்து நிதானமாகப் படிக்க வேண்டிய விஷயம். படித்து முடித்த பிறகு மட்டும் உங்கள் பெண்ணிடமோ, மருமகளிடமோ, தங்கையிடமோ சொல்லாமல் இருந்து விடாதீர்கள்.

"வெள்ளைப் படுகிறது", "அரிக்கிறது", "ஒரு மாதிரி வாடை வருகிறது" - இந்த மூன்று வாக்கியங்களையும் நம்மில் பலர் முழுசாகச் சொல்வதே இல்லை. லேடி டாக்டரிடம் போய் உட்கார்ந்த பிறகும் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, மீதியைப் புடவைத் தலைப்பிடம் சொல்கிறோம். "எல்லாம் உடம்புச் சூடு. வெந்தயத்தை ஊறப் போட்டுச் சாப்பிடு" என்று அத்தையோ பாட்டியோ வைத்தியம் சொல்வது பழைய வழக்கம். இப்போது புதிய வைத்தியம் ஒன்று வந்திருக்கிறது. மருந்துக் கடைக் கண்ணாடி அலமாரியில் 'புரோபயாட்டிக்' என்று எழுதிய அழகான பெட்டி. கோடிக் கணக்கில் நல்ல கிருமிகள் உள்ளே இருப்பதாக அட்டை சொல்கிறது. விலையைப் பார்த்தால் ஒரு வாரக் காய்கறிச் செலவு. வாங்கலாமா, வேண்டாமா?

அதற்குப் பதில் சொல்லுமுன் நம் உடம்பின் ஒரு ரகசியத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெண்ணின் பிறப்புறுப்பின் உட்பாதைக்கு வைத்திய நூல்களில் யோனி என்று பெயர். அதன் உட்சுவரில் கிளைகோஜன் என்ற மாவுப் பொருள் சேர்ந்திருக்கிறது. பருவமடைந்த நாளிலிருந்து சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன்தான் அந்தக் களஞ்சியத்தை நிரப்புகிறது. சுவரின் செல்கள் உதிர உதிர, மாவு சர்க்கரையாக உடைகிறது. அங்கே குடியிருக்கும் லாக்டோபாசில்லஸ் என்ற கிருமிகள் அந்தச் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. பாலில் உறை மோர் விட்டால் ராத்திரியில் என்ன நடக்கிறதோ, ஏறக்குறைய அதேதான்!

அமிலத்தை அளக்கும் பி.எச். கணக்கில் தண்ணீர் 7. எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். நல்ல ஆரோக்கியத்தில் யோனியின் கணக்கு 3.8 முதல் 4.5 வரை. சாதாரணத் தயிரைவிடச் சற்றுக் கூடுதல் புளிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்ட கிருமிகள் பலவற்றுக்கு இந்தப் புளிப்பு ஆகாது. ஜெர்மனி தேசத்து மருத்துவர் ஆல்பெர்ட் டோடர்லைன் 1892-ல், பிரசவ ஜுரத்தை ஆராயப் புகுந்தபோது, இந்தக் குச்சி வடிவக் கிருமிகளைப் பற்றி விவரமாக எழுதினார். வெகுகாலம் அவற்றை அவர் பெயராலேயே அழைத்தார்கள்.

ஆனால் எல்லாப் பெண்களுக்கும் ஒரே மாதிரி அல்ல. 2011-ல் வட அமெரிக்காவில் நோயின் அறிகுறி எதுவும் இல்லாத 396 பெண்களைச் சோதித்தார்கள். அவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு லாக்டோபாசில்லஸ் பெரும்பான்மையாக இல்லை. ஆகவே, தொந்தரவு ஒன்றும் இல்லாதபோது, "எனக்கு நல்ல கிருமி போதுமோ, போதாதோ" என்று கவலைப்பட்டுக் காசு செலவழிப்பது அநாவசியம். மாதத்தின் நடுவில் முட்டையின் வெண்கரு போல் இழுபடும் கசிவு வருவதும், மற்ற நாட்களில் வெண்மையாகக் கொஞ்சம் படுவதும் இயற்கை.

தொந்தரவு என்றால் எது? முக்கியமாக மூன்று. கடுமையான அரிப்புடன், தயிர்க்கட்டி போல் திரிதிரியாகப் படுவது பெரும்பாலும் காண்டிடா என்ற பூஞ்சை. ஆன்டிபயாட்டிக் மாத்திரை சாப்பிட்ட பிறகும், கர்ப்ப காலத்திலும், சர்க்கரை வியாதி கட்டுப்படாதபோதும் இது தலைகாட்டும். நீர்த்து, சாம்பல் நிறமாக, மீன் வாடையுடன் வருவது வேறு. லாக்டோபாசில்லஸ் குறைந்து மற்ற பாக்டீரியாக்கள் பெருகியதன் அடையாளம் அது. ஹ்யூஸ்டன் நகரத்து கார்ட்னரும் ட்யூக்ஸும் 1955-ல் இதற்குக் காரணமென்று ஒரு கிருமியைக் காட்டினார்கள். இன்று அதற்குக் கார்ட்னெரெல்லா என்று பெயர். ஒரு கிருமி மட்டும் செய்யும் வேலையல்ல, ஒரு கும்பலே சேர்ந்து செய்கிறது என்று பிற்பாடு தெரிந்தது. மூன்றாவது, தாம்பத்திய உறவினால் தொற்றும் டிரிக்கோமோனாஸ். பச்சையும் மஞ்சளுமாக நுரைத்து வருவதுண்டு.

மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. பக்கத்து வீட்டு அம்மாளுக்குக் குணமாக்கிய பூஞ்சைக் களிம்பு, மீன் வாடைக்கு ஒன்றும் செய்யாது. கர்ப்பிணிகள் இதில் அலட்சியமாக இருக்கவே கூடாது. அந்த இரண்டாவது தொந்தரவு உள்ளவர்களுக்குக் குறைப் பிரசவம் சற்று அதிகமாகவே நேர்கிறது.

இனி, தயிருக்கு வருவோம். 1992-ல் நியூயார்க் பக்கத்தில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. பூஞ்சைத் தொந்தரவு திரும்பத் திரும்ப வந்த பெண்களிடம், ஆறு மாதம் தினமும் ஒரு கிண்ணம் அஸிடோஃபிலஸ் கிருமி உள்ள தயிர் சாப்பிடுங்கள், ஆறு மாதம் தயிரே சாப்பிடாதீர்கள் என்றார்கள். தயிர் சாப்பிட்ட காலத்தில் தொந்தரவு வெகுவாகக் குறைந்தது. அதற்குப் பிறகு வந்தது வேடிக்கை. முதலில் தயிர் சாப்பிட்ட எட்டுப் பெண்கள், "தயிரை விட மாட்டோம்" என்று அடுத்த பாதிக்கு வர மறுத்துவிட்டார்கள்! கடைசியில் கணக்கில் நின்றவர்கள் 13 பேர்தான். பதின்மூன்று பேரை வைத்து உலகத்துக்குத் தீர்ப்புச் சொல்ல முடியுமா? 2004-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்து வந்த பெரிய ஆராய்ச்சியில், ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட 235 பெண்களின் கணக்கைப் பார்த்தார்கள். லாக்டோபாசில்லஸை வாயால் உட்கொண்டும், யோனியில் வைத்தும், பூஞ்சையைத் தடுக்க முடியவில்லை.

காரணம் ஊகிக்கக் கூடியதுதான். தயிர்ப் பானையில் இருப்பவையும் நமக்குள் இருப்பவையும் தாயாதிகள். ஒரே குடும்பம் அல்ல. நமக்குள் நன்றாகக் காவல் காப்பது கிரிஸ்பேட்டஸ் என்ற இனம். தயிரில் அது இருப்பதில்லை. தயிர் சாதம் வயிற்றுக்கு நல்லது, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் தயிரில் பஞ்சை நனைத்து உள்ளே வைத்துக்கொள்ளும் கை வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

அந்தக் கிரிஸ்பேட்டஸையே உரிய இடத்தில் சேர்த்தால்? அதையும் செய்து பார்த்தார்கள். 2020-ல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி இது. மீன் வாடைத் தொந்தரவு இருந்த 228 பெண்களுக்கு முதலில் வழக்கமான மெட்ரோனிடஸோல் மருந்தைக் கொடுத்து, பிறகு சிலருக்குக் கிரிஸ்பேட்டஸ் பொடியையும் சிலருக்கு வெறும் பொடியையும் யோனியில் வைக்கச் சொன்னார்கள். பன்னிரண்டு வாரத்தில் வெறும் பொடிக்காரர்களில் 100-க்கு 45 பேருக்குத் தொந்தரவு திரும்பியது. கிரிஸ்பேட்டஸ் பெற்றவர்களில் 30 பேருக்குத்தான். நல்ல செய்தி; அற்புதம் என்று சொல்ல முடியாது. ஒன்றைக் கவனியுங்கள்: மருந்துக்குப் பதிலாக அல்ல, மருந்துக்குப் பிறகு! கடையில் பெட்டி வாங்குவதாக இருந்தால் அட்டையில் எந்த இனம், எந்த எண் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'நல்ல கிருமி' என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு நம் வீட்டுத் தயிரே தேவலை. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுகிறவர்களும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

'பிரீபயாட்டிக்' என்று இன்னொரு பெயரும் காதில் விழுந்திருக்கும். அது கிருமி அல்ல, கிருமிக்கு இடும் சாப்பாடு. வெங்காயம், பூண்டு, வாழைப்பழம் இவற்றில் உள்ள சில நார்ப்பொருள்கள் நமக்குச் சீரணமாகாமல் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள கிருமிகளுக்கு விருந்தாகின்றன. குடலுக்கு நல்லதுதான். ஆனால் கீழே இருக்கும் நம் காவற்காரர்களுக்கு விருந்து கிளைகோஜன். அதை அனுப்புவது ஈஸ்ட்ரோஜன். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, களஞ்சியம் காலியாகிறது, புளிப்பும் போகிறது. வறட்சி, எரிச்சல், அடிக்கடி நீர்க்கடுப்பு எல்லாம் வருவது அதனால்தான். "வயசாகி விட்டது, என்ன செய்வது" என்று பொறுத்துக்கொள்கிற மாமியார்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1993-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அடிக்கடி நீர்க்கடுப்பு வந்த வயதான பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் களிம்பை உள்ளே தடவச் செய்தார்கள். ஒரே மாதத்தில் பாதிப் பேருக்கும் மேல் லாக்டோபாசில்லஸ் திரும்பி வந்தது. நீர்க்கடுப்பும் வெகுவாகக் குறைந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் இதை வாங்க வேண்டாம்.

சோப்பு, வாசனைத் திரவம், டெட்டால் தண்ணீர் இவற்றால் உள்ளே கழுவும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டு விடுங்கள். 1930-களில் அமெரிக்காவில் லைசால் என்ற கிருமிநாசினியை இதற்கென்றே பெண்களுக்கு விளம்பரம் செய்து விற்றார்கள். எத்தனை பேர் புண்ணாகிப் போனார்களோ! வெளிப்புறத்தைச் சாதாரணத் தண்ணீரால் கழுவினால் போதும். உட்புறம் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும்.

கடைசியாகக் கணவன்மார்கள் சமாசாரம். மீன் வாடைத் தொந்தரவு, மருந்து சாப்பிட்டும் ஒரு வருஷத்துக்குள் பாதிப் பேருக்கு மேல் திரும்பி விடுகிறது. ஏன் என்று வெகுகாலம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 2025-ல் ஆஸ்திரேலியாவில் 164 தம்பதிகளைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியின் முடிவு வெளியாயிற்று. மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்த வீடுகளில் 100-க்கு 63 பேருக்குப் பன்னிரண்டு வாரத்தில் தொந்தரவு திரும்பியது. கணவருக்கும் ஒரு வாரம் மாத்திரையும் களிம்பும் கொடுத்தபோது 35 பேருக்குத்தான். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆராய்ச்சியைப் பாதியிலேயே நிறுத்தி விட்டார்கள்.

அடுத்த முறை லேடி டாக்டரிடம் போகும்போது, "அவருக்கும் மருந்து வேண்டுமா?" என்று கேளுங்கள். வேண்டும் என்று அவர் சொல்லி, வீட்டில் "எனக்கு எதற்கு?" என்று முகத்தைச் சுளித்தால், இந்தப் பக்கத்தைக் காபி டம்ளருக்குப் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டு உள்ளே போய் விடுங்கள்.