அசைவுப் பரிசோதனை மதிப்பெண் கூறுவதும் கூறாததும்

கால்பந்து, ஹாக்கி, கபடி போன்ற மைதான விளையாட்டுகளில் ஈடுபடுவோருக்குச் சில பயிற்சி மையங்களில் அசைவுப் பரிசோதனை செய்யப்படுகிறது. அதில் குறைந்த மதிப்பெண் பெற்ற பிள்ளையை விளையாட்டிலிருந்து நிறுத்திவிட வேண்டுமா என்று பெற்றோர் கேட்பதுண்டு. வேண்டியதில்லை. அதற்கான காரணத்தை இங்கே காண்போம்.

பரவலாகப் பயன்படும் பரிசோதனை முறையொன்றில் ஏழு அசைவுகள் உள்ளன. முழுமையாகக் குந்துதல், தடையைத் தாண்டி அடியெடுத்து வைத்தல், மல்லாந்து படுத்து முழங்காலை மடக்காமல் காலை உயர்த்துதல் முதலியன அவற்றுள் அடங்கும். ஒவ்வோர் அசைவுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் உண்டு, மொத்தம் 21. அசைவின்போது வலி தோன்றினால் 0 வழங்கப்படும்.

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை வீரர்களிடம் நடத்தப்பட்டு 2007இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், 14 அல்லது அதற்கும் குறைவாகப் பெற்றவர்கள் அதிகம் காயமுற்றது தெரியவந்தது. அதன் பின்னர் 14 என்பது எல்லைக்கோடாகவே கருதப்படலாயிற்று. ஆனால் பிற்கால ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, யார் காயமுறுவார் என்பதை இம்மதிப்பெண்ணைக் கொண்டு முன்கூட்டியே கூற இயலாது என்பது புலனாயிற்று. குறைவாகப் பெற்ற பலர் காயமின்றி ஆடுகின்றனர்; நிறையப் பெற்றோரும் காயமுறுகின்றனர்.

இதில் வியப்பில்லை. வேகமாக ஓடுகையில் சட்டெனத் திரும்புதல், களைப்பு, எதிரணியினருடன் மோதுதல், பயிற்சியைத் திடீரென அதிகரித்தல் ஆகியவற்றால் காயங்கள் நேர்கின்றன. அறைக்குள் நிதானமாகச் செய்யும் அசைவுகள் இவற்றை அளப்பதில்லை. முன்பு ஏற்பட்ட காயமே மறுகாயத்திற்கான வலுவான அறிகுறிகளுள் ஒன்று. ஆகவே, அணியில் இடம் போய்விடும் என்றஞ்சிப் பழைய காயத்தை மறைப்பது, குறைந்த மதிப்பெண்ணைவிட ஆபத்தானது.

தடுப்புமுறை எளியது. கால்பந்து வீரர்களுக்கென ஃபிஃபா வகுத்த ‘11+’ என்னும் பயிற்சியில் ஓட்டம், தசை வலுவூட்டல், சமநிலை, குதித்துச் சரியாகத் தரையிறங்குதல் ஆகியவை உள்ளன. இதற்கு ஏறத்தாழ 20 நிமிடங்கள் போதும். நார்வேயில் கால்பந்தாடும் வளரிளம் பெண்களிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், இப்பயிற்சியை மேற்கொண்ட அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தன. மதிப்பெண் பார்த்துச் சிலரைத் தேர்ந்தெடுக்காமல், அணியினர் அனைவருமே இதைச் செய்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

எனவே பெற்றோர் மூன்றினை நினைவிற்கொள்க. பரிசோதனையில் வலி தோன்றியிருந்தால், மதிப்பெண் எதுவாயினும் மருத்துவரை அணுகுக. பழைய காயங்களைப் பயிற்சியாளரிடம் ஒளிவின்றிக் கூறுக. வாரத்தில் இருமுறையேனும் முறையான தடுப்புப் பயிற்சி நடைபெறுகிறதா எனக் கேட்டறிக. அடிபட்ட சில மணி நேரத்தில் முழங்கால் வீங்கினாலோ, காலை ஊன்ற இயலாவிட்டாலோ, நடக்கையில் முழங்கால் நழுவுவதுபோல் தோன்றினாலோ காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு அழைத்து வருக.