செத்த பாக்டீரியா எப்படிக் கொல்லும்?

இந்த எபிசோடை ஒரு புதிரோட ஆரம்பிக்கலாம்.

1892, பெர்லின். ராபர்ட் கோக்கிடம் வேலை பார்த்த ரிச்சர்ட் ஃபைஃபர், காலரா பாக்டீரியாவைச் சூடாக்கிக் கொல்கிறார். அந்தச் செத்த பாக்டீரியாவைக் கினிப்பன்றிகளுக்கு ஊசி மூலம் செலுத்துகிறார. உயிரோடு ஒரு கிருமிகூட இல்லை, பெருகவும் வழியில்லை. ஆனாலும் கினிப்பன்றிகள் செத்துப்போகின்றன.

அப்போ கொன்றது எது? பாக்டீரியாவின் உடம்போடு ஒட்டியே, சூட்டுக்கும் அழியாத ஒரு விஷம் இருக்கணும் என்ற முடிவுக்கு ஃபைஃபர் வந்தார். அதற்கு எண்டோடாக்சின், அதாவது உள்நச்சு என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் இன்றைக்கும் இருக்கு. ஆனால் 'நச்சு' என்கிற வார்த்தையில் ஒரு சிக்கல் இருக்கு.

உள்நச்சு என்பது கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு மூலக்கூறு. பெயர் லிப்போபாலிசாக்கரைடு, சுருக்கமா எல்.பி.எஸ். காலரா, டைஃபாய்டு, ஈ.கோலை மாதிரியான கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் இது நிறைந்திருக்கும். சயனைடு செல்லுக்குள்ளே போய் அதன் வேலையை நேரடியாக நிறுத்தும். எல்.பி.எஸ். அப்படிச் செய்வதில்லை. அதைப் பார்த்து நம்ம உடம்பு செய்கிற வேலைதான் ஆபத்து.

இதை எப்படி உறுதியாகச் சொல்றாங்க? ஒரு எலியை வைத்துத்தான். சி3எச்/எச்இஜே என்ற ஆய்வக எலி வகைக்கு, மற்ற எலிகளைக் கொல்லும் அளவுக்கு எல்.பி.எஸ். கொடுத்தாலும் ஒன்றும் ஆகாது. 1960-களிலேயே இது தெரியும். ஏன் என்றுதான் தெரியவில்லை.

விடைக்கு ஒரு துப்பு பழ ஈயிடமிருந்து வந்தது. பழ ஈயில் 'டோல்' என்று ஒரு ஜீன் உண்டு. 1996-ல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு, இந்த ஜீன் பழுதான ஈக்களைப் பூஞ்சைத் தொற்றிலிருந்து காப்பாற்ற முடியாமல் போவதைக் கண்டது. அதாவது டோல் இல்லையென்றால் பூஞ்சைக்கு எதிரான ஈயின் நோயெதிர்ப்பு சரியாக எழுந்திருப்பதில்லை. அடுத்த ஆண்டே, மனித உடம்பிலும் டோல் போன்ற ஒரு புரதம் இருப்பது தெரியவந்தது.

இன்னொரு பக்கம், அமெரிக்காவின் டல்லாஸில் புரூஸ் பாய்ட்லர் குழு அந்த எலியில் எந்த ஜீன் பழுது என்று சுமார் 5 ஆண்டுகள் தேடியது. 1998-ல் கிடைத்தது. டோல் குடும்பத்தைச் சேர்ந்த டி.எல்.ஆர்.4 ஜீன்தான் அது. ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது, அவ்வளவுதான். 2011-ல் ஹாஃப்மனும் பாய்ட்லரும் மருத்துவ நோபல் பரிசில் பாதியைப் பகிர்ந்துகொண்டார்கள்.

சரி, டி.எல்.ஆர்.4 என்னதான் பண்ணுது? மேக்ரோஃபேஜ் போன்ற நோயெதிர்ப்பு செல்களின் மேல்பரப்பில் நிற்கிற ரிசப்டர் அது, தமிழில் ஏற்பி. ரத்தத்தில் எல்.பி.எஸ். வந்தால் அதை ஒரு புரதம் பிடித்து, சி.டி.14 என்ற இன்னொரு புரதத்திடம் கொடுக்கும். அது டி.எல்.ஆர்.4-இன் கூட்டாளியான எம்.டி.-2 புரதத்திடம் சேர்க்கும். எம்.டி.-2-வில் ஒரு பை மாதிரியான குழி இருக்கு. ஈ.கோலையின் எல்.பி.எஸ்.ஸுக்கு 6 கொழுப்பு வால்கள். ஐந்து குழிக்குள் போகும். ஆறாவது வெளியே நீட்டிக்கொண்டு, பக்கத்தில் இன்னொரு டி.எல்.ஆர்.4-ஐ இழுத்துச் சேர்க்கும். இரண்டும் ஜோடி சேர்ந்தால் மணி அடிச்சாச்சு.

அந்தச் செய்தி செல்லுக்குள்ளே கைமாறிக் கைமாறி, என்.எஃப். கப்பா பி என்ற புரதத்தை உட்கருவுக்குள் அனுப்பும். டி.என்.எஃப்., ஐ.எல்.-1, ஐ.எல்.-6 என்ற சைட்டோகைன்கள் உற்பத்தியாகி வெளியே வரும். ரத்தக்குழாய்கள் விரிந்து கசியும், வெள்ளையணுக்கள் அந்த இடத்துக்கு ஓடிவரும், மூளை உடல் வெப்பத்தைக் கூட்டும். சிவப்பு, சூடு, வீக்கம், வலி. இதுதான் அழற்சி.

விரல் நுனியில் இது நடந்தால் நல்லது. உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் நடந்தால்? எல்லா ரத்தக்குழாயும் கசியும், ரத்த அழுத்தம் விழும், உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். தொற்றுக்கு உடம்பு இப்படிக் கட்டுப்பாடில்லாமல் எதிர்வினை காட்டி, உறுப்புகள் கெடும் நிலைக்குப் பெயர் செப்சிஸ். 2017-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 1.1 கோடிப் பேர் செப்சிஸ் தொடர்பாக இறந்ததாக ஒரு மதிப்பீடு சொல்கிறது.

அப்போ அந்த மணியை அமுக்கிப் பிடிச்சா போதாதா? முயற்சி பண்ணினாங்க. எரிட்டோரன் என்ற மருந்து எம்.டி.-2 குழியை அடைத்துக்கொள்ளும்; ஆனால் ஜோடி சேர விடாது. கடுமையான செப்சிஸ் வந்த கிட்டத்தட்ட 2,000 நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2013-ல் வெளியானது. இறப்பு குறையவில்லை. நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரும்போது மணி அடித்து முடிந்து, தீ பல இடத்துக்குப் பரவியிருக்கும் என்பது ஒரு முக்கியமான விளக்கம். அதோடு எல்லாச் செப்சிஸுக்கும் எல்.பி.எஸ். காரணமும் இல்லை.

அந்த எலியின் மறுபக்கத்தையும் சொல்லியாகணும். எல்.பி.எஸ்.ஸுக்கு அசராத அதே எலி, உயிருள்ள சால்மொனெல்லா கொஞ்சமே உள்ளே போனாலும் சீக்கிரம் செத்துப்போகும். மணி அடிக்காததால் கிருமி சத்தமில்லாமல் பெருகிவிடும். அதனால் மணி கெட்டதில்லை. நேரத்துக்கு அடிக்கணும், நேரத்துக்கு ஓயணும்.

மணியை நம்மால் அமுக்க முடியாது; நேரத்தைக் காப்பாற்றலாம். தொற்று இருக்கும்போது திடீர்க் குழப்பம், வேகமான மூச்சு, சிறுநீர் குறைவது, சில்லிட்டுப்போன தோல் இதெல்லாம் வந்தால், 'காலையில பாத்துக்கலாம்' என்று விடாதீங்க. காய்ச்சல் இல்லாமல் உடம்பு குளிர்ந்துபோயும் செப்சிஸ் வரலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. அங்கே சில மணிநேரம் முன்னாடி போய்ச் சேர்வது உயிரையே காப்பாற்றலாம்.