மூன்றாவது கண்ணாடி எதற்கு?

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்தில், கிரானிக்ஸ்டைன் என்ற பகுதியில் ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய நான்கு வீடுகள் இருக்கின்றன. 1991-ல் மக்கள் குடியேறிய இந்த வீடுகள்தாம் உலகின் முதல் ‘பாசிவ் ஹவுஸ்’ வீடுகள். இயற்பியல் அறிஞர் வொல்ஃப்காங் ஃபைஸ்டும் சுவீடன் பேராசிரியர் போ ஆடம்சனும் சேர்ந்து வகுத்த திட்டம் இது. அறையைச் சூடாக்க ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டு முழுவதும் 15 யூனிட்டுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது பின்னர் அதன் இலக்கணமாயிற்று. அங்கே சுவரையும் கூரையையும் மிகத் தடிமனாகப் போர்த்தினார்கள். ஆனால் ஜன்னலைப் போர்த்தி மூட முடியாதே. வெளிச்சம் வர வேண்டும். அதனால் ஒரே சட்டத்தில் மூன்று கண்ணாடிகளைப் பொருத்தினார்கள். இன்று குளிர் நாடுகளின் புதிய வீடுகளில் இது பரவலாகிவிட்டது. ஆனாலும் வீடு கட்டுகிறவர் ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இரண்டு கண்ணாடி போதாதா?

பதில் சொல்வதற்கு முன், அந்த ஜன்னலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். 4 மில்லிமீட்டர் தடிமனில் மூன்று கண்ணாடிகள். அவற்றுக்கு நடுவே இரண்டு இடைவெளிகள். குளிரைத் தடுப்பதில் கண்ணாடியின் பங்கு சொற்பம். பெரும்பகுதி வேலையைச் செய்வது அந்த இடைவெளிகளே. அவற்றில் ஆர்கான் வாயுவை நிரப்பி, ஓரங்களை இறுக மூடிவிடுகிறார்கள். காற்றைவிட ஆர்கான் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாகத்தான் வெப்பத்தைக் கடத்தும். இடைவெளி அளவுக்கு மீறி அகன்றால் உள்ளேயிருக்கும் வாயு மேலும் கீழும் சுழன்று வெப்பத்தைச் சுமந்து போய்விடும். அதனால்தான் ஒரே அகலமான இடைவெளிக்குப் பதில் இரண்டு குறுகிய இடைவெளிகள். கூடவே, இரண்டு கண்ணாடிகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வெள்ளிப் பூச்சு உண்டு. அது வெயிலை உள்ளே விடும். அறையின் வெப்பக் கதிர்களை மட்டும் திருப்பி அனுப்பிவிடும்.

இனி கணக்குக்கு வருவோம். 30 சதுர மீட்டர் ஜன்னல் கண்ணாடி உள்ள ஒரு வீடு. வெளியே மைனஸ் 10 டிகிரி, உள்ளே 20 டிகிரி. ஒற்றைக் கண்ணாடியாக இருந்தால் அதன் வழியே சுமார் 5,200 வாட் வெப்பம் வெளியேறும். பூச்சில்லாத பழைய இரட்டைக் கண்ணாடியில் 2,500 வாட். பூச்சும் ஆர்கானும் உள்ள இன்றைய இரட்டைக் கண்ணாடியில் 1,000 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. மூன்று கண்ணாடியில் சுமார் 630 வாட். கடைசிப் படியில் மிச்சமாவது 360 வாட்தான்; இதற்கா இவ்வளவு செலவு என்று கேட்பது நியாயமே. பழைய, வெப்பம் கசியும் வீட்டில் அந்த 360 வாட்டுக்குப் பெரிய மதிப்பு இல்லை. ஆனால் பாசிவ் ஹவுஸ் கணக்கின்படி, 150 சதுர மீட்டர் வீட்டுக்குக் கடுங்குளிரிலும் மொத்தம் 1,500 வாட் வெப்பம்தான் தேவைப்பட வேண்டும். அங்கே 360 வாட் என்பது ஏறத்தாழ கால் பங்கு. வீடு எவ்வளவு சிக்கனமாகிறதோ அவ்வளவுக்கு மூன்றாவது கண்ணாடியின் மதிப்பு கூடுகிறது.

மின் கட்டணத்தில் தெரியாத பலன் ஒன்றும் உண்டு. அதே குளிரில் பழைய இரட்டைக் கண்ணாடியின் உள்முகம் 9 டிகிரி வரை இறங்கிவிடும். சாதாரண ஈரப்பதம் உள்ள அறையில் அந்த அளவில் கண்ணாடி வியர்க்கத் தொடங்கும். நீர் வழிந்து சட்டத்தின் மூலையில் தேங்க, கறுப்பாகப் பூஞ்சை படரும். மூன்று அடுக்கில் உள்முகம் 17 டிகிரியில் நிற்கும். ஜன்னலோரம் குளிர்காற்று இறங்குவதில்லை. அதனால் ஜன்னலுக்கு அடியில் ரேடியேட்டர் வைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் போகிறது. குழந்தையின் கட்டிலை ஜன்னலை ஒட்டியே போடலாம். இன்றைய இரட்டைக் கண்ணாடியும் நடுப்பகுதியில் 16 டிகிரியைத் தொட்டுவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஜன்னலின் பலவீனம் ஓரங்களிலும் சட்டத்திலும் இருக்கிறது. ஆகவே மூன்று கண்ணாடி வாங்குகிறவர் வெப்பம் கடத்தாத சட்டத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

ஆட்சேபணைகள் இன்னும் உண்டு. மூன்று கண்ணாடி வெயிலின் வெப்பத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் உள்ளே விடும்; இரட்டைக் கண்ணாடி அறுபது சதவீதம் வரை விடும். இந்த இழப்பைத் தெற்கு பார்த்த ஜன்னலைச் சற்றுப் பெரிதாக வைத்து ஈடுகட்டலாம். எடை சதுர மீட்டருக்கு 20 கிலோவிலிருந்து 30 கிலோவாக ஏறுகிறது. அதற்கேற்ற கீல் வேண்டும். தெளிவான இரவுகளுக்குப் பின், காலையில் கண்ணாடியின் வெளிப்புறத்தில் பனி படர்ந்திருப்பதைப் பார்த்து ஜன்னல் பழுது என்று சிலர் பயப்படுகிறார்கள். உள்வெப்பம் வெளிக்கண்ணாடியை எட்டவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. விலை கூடுதல்தான். ஆனால் ஜன்னலின் விலையில் சட்டமும் பொருத்துக் கூலியும் பெரும்பங்கு. இரண்டோ மூன்றோ, அவை எப்படியும் உண்டு. ஒருமுறை பொருத்திய ஜன்னல் பல பத்தாண்டுகள் இருக்கும். நடுவில் மனம் மாறினால் முழுச் செலவையும் மறுபடி செய்ய வேண்டும்.

எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது. சுவரைப் போர்த்தாத பழைய வீட்டில் ஜன்னலை மட்டும் மாற்றினால், ஈரம் அதைவிடக் குளிர்ந்த சுவர் மூலைக்கு இடம்பெயர்ந்து அங்கே பூஞ்சை வளரும். சென்னையிலும் இது தேவையில்லை. வெளியே 38 டிகிரி, ஏசி அறையில் 25 டிகிரி என்றால் வித்தியாசம் 13 டிகிரிதான். இங்கே பகை நேரே விழும் வெயில். அதற்குச் சன்ஷேடும் வராந்தாவும் மர நிழலுமே மருந்து.

நார்வேயிலோ சுவிட்சர்லாந்திலோ கனடாவிலோ புது வீடு கட்டும் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: சுவரையும் கூரையையும் நன்றாகப் போர்த்தி, நல்ல சட்டத்தோடு மூன்று கண்ணாடியைத் தயங்காமல் வையுங்கள். ஜன்னல் வந்து இறங்கியதும் கண்ணாடிக்கு முன்னால் ஒரு லைட்டர் சுடரைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மூன்று இணையாக ஆறு பிம்பங்கள் தெரிய வேண்டும். அவற்றில் இரண்டு மற்றவற்றிலிருந்து நிறம் மாறித் தெரிய வேண்டும். அவைதாம் வெள்ளிப் பூச்சுகள். நிறம் மாறாவிட்டால் அதைப் பொருத்த விடாதீர்கள்.