சான்றுசார் செவிலியப் பணியும் தொழிலாளர் தற்கொலைத் தடுப்பும்

சான்றுசார் செவிலியப் பணி என்பது ஆய்வுகளில் நிறுவப்பட்ட முடிவுகள், செவிலியரின் பணி அனுபவம், நோயாளியின் விருப்பமும் சூழலும் ஆகிய மூன்றையும் இணைத்துப் பராமரிப்பு முடிவுகளை எடுக்கும் முறையாகும். மனச்சோர்வைக் கண்டறிதல், தற்கொலை இடரை அறிதல், ஆபத்தில் உள்ளவரைத் தொடர்ந்து கவனித்தல் ஆகியவற்றில் இம்முறை பயன்படுகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடம் போன்ற பகுதிகளில் ஒரு தொழிலாளி முதலில் சந்திக்கும் மருத்துவப் பணியாளர் பெரும்பாலும் ஆலையின் செவிலியரே என்பதால், இம்முறைக்கு அங்கே தனி முக்கியத்துவம் உண்டு.

பின்னணி

சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், ஒரகடம், வல்லம் வடகால் ஆகிய இடங்களில் சிப்காட் தொழிற்பூங்காக்கள் அமைந்துள்ளன. கார், இருசக்கர வாகனம், கைப்பேசி, கண்ணாடி, டயர், உதிரிபாகங்கள் ஆகியவை இங்கே உற்பத்தியாகின்றன. தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்த இளம் தொழிலாளர்கள் விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கி வேலை செய்கின்றனர். மின்னணு ஆலைகளில் பெண்கள் பெருமளவில் பணிபுரிகின்றனர்.

இவர்களது வாழ்க்கையில் மனநலத்தைப் பாதிக்கும் பல காரணிகள் ஒன்றுசேர்கின்றன. சுழற்சி முறை வேலை அவற்றில் ஒன்று. 2019இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, சுழற்சி முறையில் வேலை செய்வோருக்கு மனநலக் குறைபாடு ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 28% அதிகம் எனக் கண்டது. குடும்பத்தைப் பிரிந்திருத்தல், கடன், ஒப்பந்த வேலையின் நிலையாமை, மொழி தெரியாமை ஆகியவையும் உள்ளன. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியபோது ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். 2021 டிசம்பரில் விடுதி உணவால் பெண் தொழிலாளர்கள் பலர் நோயுற்றதைத் தொடர்ந்து நெடுஞ்சாலையில் மறியல் நடந்தது. தங்குமிடமும் உணவும் தொழிலாளர் நலத்தின் பகுதி என்பதை அந்நிகழ்வு பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய சிப்காட் விடுதி திறக்கப்பட்டது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். அவர்களில் 19,834 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். நாட்டளவில் இறந்தோரில் 26 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தினக்கூலிகள். ஒவ்வொரு இறப்புக்கும் பின்னால் பல காரணங்கள் சேர்ந்திருக்கும். ஒற்றைக் காரணம் காட்டி விளக்குவது தவறான புரிதலுக்கே இட்டுச்செல்லும்.

ஆலைச் செவிலியரின் இடம்

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500க்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஆலையில் மருத்துவ, செவிலியப் பணியாளர்களுடன் கூடிய ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என 45ஆம் பிரிவில் விதித்தது. விபத்துக் காயங்களை மனத்தில் கொண்டு உருவான இந்த அறைக்குத்தான் தலைவலி, உடம்பு வலி, தூக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, அசதி என்று தொழிலாளர்கள் வருகின்றனர். தமிழகத்தில் மனச்சோர்வு பெரும்பாலும் உடல் உபாதையாகவே சொல்லப்படுகிறது. வலி மாத்திரைக்காக ஒரே மாதத்தில் நான்கு முறை வரும் ஒருவரிடம் தூக்கம், பசி, வீட்டு நிலைமை பற்றி இரண்டு கேள்வி கேட்பதே கண்டறிதலின் தொடக்கம்.

மனச்சோர்வைக் கண்டறிதல்

பி.எச்.கியூ-9 என்ற வினாத்தாள் 2001இல் வெளியிடப்பட்டது. கடந்த இரு வாரங்களில் இருந்த ஒன்பது அறிகுறிகளை இது கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் உண்டு, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவ மதிப்பீடு தேவை. முதல் இரண்டு கேள்விகளை மட்டும் கொண்ட பி.எச்.கியூ-2 நெரிசலான நேரத்துக்கு ஏற்றது. அதில் மூன்றும் அதற்கு மேலும் வந்தால் முழு வினாத்தாளுக்குச் செல்ல வேண்டும்.

இவ்வினாத்தாள் சலிப்பதற்கான கருவி மட்டுமே, நோயை உறுதிசெய்யாது. இரவுப் பணி முடித்து வந்தவருக்குத் தூக்கமின்மைக்கும் களைப்புக்கும் மதிப்பெண் கூடுவது இயல்பு. ஆகவே இரவுப் பணி வாரத்தில் எடுத்த மதிப்பெண்ணைப் பகல் பணி வாரத்தில் மீண்டும் சரிபார்ப்பது நல்லது. தமிழ் அறியாத தொழிலாளருக்கு அவரது மொழியிலுள்ள வடிவத்தைத் தர வேண்டும். மேற்பார்வையாளரையோ அறைத்தோழரையோ மொழிபெயர்ப்பாளராக வைத்தால் உண்மையான பதில் கிடைக்காது.

தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டல்

பி.எச்.கியூ-9இன் ஒன்பதாவது கேள்வி இறப்பு எண்ணம் பற்றியது. அதற்கு 0 தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும், அன்றே நேரில் பேச வேண்டும். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்ற அச்சம் பரவலாக உள்ளது. கேட்பதால் தற்கொலை எண்ணம் கூடுவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பலருக்கு அது ஆறுதலாகவும் அமைகிறது. "இவ்வளவு கஷ்டத்தில் இருக்கும்போது செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்ததா?" என்று நேராகவும் அமைதியாகவும் கேட்பதே முறை. "அப்படியெல்லாம் நினைப்பு இல்லையே?" என்ற கேள்வி 'இல்லை' என்ற பதிலையே எதிர்பார்க்கிறது.

பழக்கத்தில் உள்ள இரு நடைமுறைகளைச் சான்றுகள் ஆதரிக்கவில்லை. ஒன்று, 'இனி அப்படிச் செய்யமாட்டேன்' என எழுதி வாங்குவது. இது உயிரைக் காப்பதாக நிறுவப்படவில்லை. மற்றொன்று, மதிப்பெண்ணை வைத்து 'குறைந்த இடர்', 'அதிக இடர்' என முத்திரையிட்டு அனுப்புவது. பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எதிர்காலத் தற்கொலையைக் கணிக்க இடர் அளவுகோல்களைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. அவருக்கு இப்போது என்ன தேவை என்பதே செவிலியர் கேட்க வேண்டிய கேள்வி.

பாதுகாப்புத் திட்டம்

பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் ஆகியோர் உருவாக்கிய பாதுகாப்புத் திட்டம் ஒரு தாளில் எழுதப்படும் ஆறு படிகளைக் கொண்டது.

1. நெருக்கடி வரப்போவதைக் காட்டும் அறிகுறிகள்.
2. தனியாகவே செய்யக்கூடிய, மனத்தைத் திருப்பும் செயல்கள்.
3. மனத்தை மாற்றும் மனிதர்களும் இடங்களும்.
4. உதவி கேட்கக்கூடிய உறவினர், நண்பர்.
5. தொடர்புகொள்ள வேண்டிய மருத்துவ, உதவி எண்கள்.
6. ஆபத்தான பொருள்கள் கைக்கெட்டாதபடி சூழலைப் பாதுகாப்பாக்குதல்.

இத்திட்டத்துடன் தொலைபேசித் தொடர்பும் சேர்ந்தபோது, ஆறு மாதங்களில் தற்கொலை சார்ந்த செயல்கள் ஏறத்தாழ 45% குறைந்ததாக 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு கூறுகிறது. தாளில் இருப்பவை தொழிலாளியின் சொந்தச் சொற்களாக இருக்க வேண்டும். விடுதியில் தங்கியிருப்பவருக்கு 'அம்மாவிடம் பேசுதல்' எளிது போலத் தோன்றலாம். ஆனால் வீட்டுக் கடனே அவரது சுமை என்றால் அந்த அழைப்பே நெருக்கடியாகலாம். அப்போது அக்காவோ, ஊர்த்தோழியோ, முன்பு வேலை செய்த இடத்து நண்பரோ பொருத்தமாகலாம்.

ஆறாவது படிக்குத் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் பூச்சிக்கொல்லிகளை வீடுகளில் வைக்காமல் பொதுக் கிடங்கில் பூட்டிவைக்கும் முயற்சி ஆய்வு செய்யப்பட்டு, 2013இல் அதன் முடிவுகள் வெளியாயின. இலங்கையில் கொடிய பூச்சிக்கொல்லிகள் தடை செய்யப்பட்ட பின் தற்கொலை விகிதம் பெரிதும் குறைந்தது. நெருக்கடி உச்சம் பெரும்பாலும் குறுகிய நேரமே நீடிக்கிறது. அந்த நேரத்தைக் கடக்க உதவுவதே இதன் அடிப்படை.

தொடர் தொடர்பு: சென்னை பங்கேற்ற ஆய்வு

உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஐந்து மைய ஆய்வு, இத்துறையின் முக்கியச் சான்றுகளில் ஒன்று. பிரேசிலின் கம்பினாஸ், இலங்கையின் கொழும்பு, ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகியவற்றுடன் சென்னையும் இதில் ஒரு மையமாக இருந்தது. தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையுடன் ஒரு மணி நேரத் தகவல் உரையாடலும், அதன்பின் 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ தொடர்பும் அளிக்கப்பட்டன. இத்தொடர்புகள் 1, 2, 4, 7, 11ஆம் வாரங்களிலும் 4, 6, 12, 18ஆம் மாதங்களிலும் நடந்தன. அவற்றை மேற்கொண்டோர் மருத்துவர், செவிலியர், உளவியலாளர் போன்ற மருத்துவ அனுபவம் உள்ளோர். 2008இல் வெளியான முடிவின்படி, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதத்தினரும், தொடர்பு பெற்றவர்களில் 0.2 சதவீதத்தினரும் தற்கொலையால் இறந்தனர்.

இம்முறைக்கு விலையுயர்ந்த கருவியோ மருந்தோ தேவையில்லை. தொலைபேசியும் நாட்காட்டியும் பயிற்சி பெற்ற ஒருவரும் போதும். பின்னர் தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம்களில், பயிற்சி பெற்ற சமூகத் தன்னார்வலர்களைக் கொண்டு தொடர்பும் பாதுகாப்புத் திட்டமும் இணைந்த முறை ஆராயப்பட்டது.

தொழில் வழித்தடத்தில் இதை நடைமுறைப்படுத்தும்போது சில மாற்றங்கள் தேவை. ஒப்பந்தத் தொழிலாளர் ஆலை மாறுவர், எண்ணை மாற்றுவர், ஊர் திரும்புவர். ஆகவே முதல் சந்திப்பிலேயே அவரது ஒப்புதலுடன் இரண்டாவது தொடர்பு எண்ணைப் பெற வேண்டும். பணி அட்டவணையைப் பார்த்து, அவர் தூங்கும் நேரம் தவிர்த்து அழைக்க வேண்டும். செவிலியர் விடுப்பில் சென்றால் அழைப்பு யாருக்கு மாறும் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கூட்டுப் பராமரிப்பு

மனச்சோர்வுக்குக் கூட்டுப் பராமரிப்பு வலுவான சான்று பெற்றது. 2002இல் வெளியான அமெரிக்காவின் 'இம்பாக்ட்' ஆய்வில் செவிலியரோ உளவியலாளரோ பராமரிப்பு மேலாளராகச் செயல்பட்டனர். ஓராண்டு முடிவில், இப்பராமரிப்பு பெற்ற முதியோரில் 45 சதவீதத்தினருக்கும் வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 19 சதவீதத்தினருக்கும் அறிகுறிகள் பாதியாவது குறைந்தன. கோவாவில் நடந்த ஆய்வுகள், மனநலப் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்களும் எளிய உளவியல் சிகிச்சையைத் திறம்பட அளிக்க முடியும் எனக் காட்டின.

இரகசியக் காப்பும் சட்டமும்

ஆலைச் செவிலியரின் ஊதியத்தை ஆலையோ அதன் ஒப்பந்த நிறுவனமோ வழங்குகிறது. 'சொன்னால் வேலை போய்விடும்' என்று தொழிலாளி அஞ்சினால், மேற்கூறிய எந்தச் சான்றும் பயன்படாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவில் இரகசியக் காப்பை உரிமையாக்குகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற வரையறுக்கப்பட்ட சூழல்களில், தேவையான அளவுக்கு மட்டுமே தகவலைப் பகிரலாம். இந்த வரம்பை உரையாடலின் தொடக்கத்திலேயே தொழிலாளியிடம் சொல்லிவிட வேண்டும். மனிதவளத் துறைக்குச் செல்லும் சான்றிதழில் 'மூன்று நாள் ஓய்வு தேவை' என்பது போதும். காரணம் எழுத வேண்டியதில்லை. மனநலப் பதிவேடு பொதுப் பதிவேட்டிலிருந்து தனியாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

அதே சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் கூறுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைப் பொதுவாகக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. வழக்குக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தவிர்க்கும் தொழிலாளருக்கு இதை எடுத்துச் சொல்வதும் செவிலியப் பணியே.

வரம்புகள்

மேலே குறிப்பிட்ட ஆய்வுகள் பெரும்பாலும் மருத்துவமனைகளிலும் கிராமங்களிலும் முகாம்களிலும் நடந்தவை. அவற்றின் முடிவுகளை ஆலைக்குக் கொண்டுவரும்போது, எத்தனை பேர் கண்டறியப்பட்டனர், எத்தனை அழைப்புகள் நிறைவேறின, எத்தனை பேர் மனநல மருத்துவரைச் சந்தித்தனர் எனப் பெயரின்றிப் பதிந்து பார்ப்பது அவசியம். செவிலியரின் கவனிப்பு, வேலை நேரம், விடுதி நிலை, ஊதியம், பணிப் பாதுகாப்பு ஆகியவற்றின் சீரமைப்புக்கு மாற்றாகாது.

உதவி பெறுதல்

உடனடி ஆபத்தில் உள்ளவரைத் தனியாக விடக்கூடாது; 108 ஆம்புலன்ஸ் மூலம் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மனநல உதவிக்கு 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மனாஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். தமிழ், இந்தி உள்ளிட்ட பல மொழிகளில் பேசலாம். தமிழக அரசின் 104 சுகாதார உதவி எண்ணும், 1986இல் சென்னையில் தொடங்கப்பட்ட சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் 044-24640050 என்ற எண்ணும் உள்ளன.