பிஞ்சு இதயத்தை அளக்கக் கருவி மட்டும் போதுமா?

திருவனந்தபுரம்: பிறந்து 15 நாள்களே ஆன, இதயக் கோளாறு கொண்ட ஒரு குழந்தையுடன் 2019 ஏப்ரல் 16-ம் தேதி மங்களூரிலிருந்து ஓர் ஆம்புலன்ஸ் புறப்பட்டது. அது சேர வேண்டிய இடம் திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம். 1980-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது அது.

அப்போதைய கேரள சுகாதார அமைச்சர் கே.கே. சைலஜா தலையிட்டதை அடுத்து, பயணம் கொச்சியிலேயே நிறுத்தப்பட்டது. சுமார் 400 கி.மீ. தொலைவை ஐந்தரை மணி நேரத்தில் கடந்த குழந்தை, அங்குள்ள மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது. சிகிச்சைச் செலவை மாநில அரசின் 'ஹிருத்யம்' திட்டம் ஏற்றது.

அந்தப் பயணம் நாடு முழுவதும் பேசப்பட்டது. ஆனால், இத்தகைய குழந்தையின் இதயம் எந்த அளவுக்கு இயங்குகிறது என்பதை அருகிலேயே அளந்து அறியும் வசதி எத்தனை மாவட்டங்களில் உள்ளது என்ற கேள்வி அதிகம் பேசப்படவில்லை.

ஏமாற்றும் ரத்த அழுத்தம்

உயிருக்குப் போராடும் குழந்தையிடம் ரத்த அழுத்தம் மிகத் தாமதமாகவே குறைகிறது. இதயம் வேகமாகத் துடித்தும், ரத்தக் குழாய்கள் சுருங்கியும் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. அது சரியும்போது நிலைமை பெரும்பாலும் கைமீறிப் போயிருக்கும்.

பெரியவர்களுக்கு நுரையீரல் தமனி வரை குழாய் செலுத்தி இதயத்தின் ஆற்றலை அளக்கும் முறை 1970-ல் வந்தது. பச்சிளம் குழந்தைகளின் மெல்லிய நாளங்களுக்கு அது எளிதில் பொருந்துவதில்லை. இதயச் சுவரில் துளை இருந்தால் அளவும் பிழையாகிவிடும்.

எனவே, படுக்கையருகே செய்யப்படும் எக்கோ பரிசோதனையே முக்கியத் துணை. பெருந்தமனி வாயிலின் பரப்பு, ரத்தம் பாயும் வேகம், நாடித் துடிப்பு ஆகியவற்றைக் கொண்டு இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் ரத்தம் கணக்கிடப்படுகிறது.

இங்கேதான் சிக்கல். 7 மி.மீ. விட்டமுள்ள வாயிலை 8 மி.மீ. எனத் தவறாக அளந்தால், விடை சுமார் 30 சதவீதம் கூடிவிடும். தளர்ந்த இதயம் நலமாக இருப்பதாகத் தோன்றும். கருவியை வாங்கி வைத்தால் மட்டும் போதாது. தேர்ந்த கையும் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

கேரளத்தின் பாதை

இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இதயக் குறைபாட்டுடன் பிறப்பதாகவும், அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முதல் ஆண்டிலேயே சிகிச்சை தேவைப்படுவதாகவும் மதிப்பிடப்பட்டுள்ளது.

இக்குழந்தைகளை இணையவழியில் பதிவு செய்து, நோயின் தீவிரத்துக்கேற்ப அரசு, தனியார் மருத்துவமனைகளுக்கு அனுப்பும் ஹிருத்யம் திட்டத்தைக் கேரளம் 2017-ல் தொடங்கியது. ஸ்ரீசித்திரை நிறுவனமும் அதில் இடம்பெற்றது.

2017-ல் ஆயிரம் பிறப்புகளுக்கு 10 ஆக இருந்த அம்மாநிலத்தின் சிசு மரண விகிதம், 2023-ல் 5 ஆகக் குறைந்தது. அதே ஆண்டில் தேசிய சராசரி 25. இந்தச் சரிவுக்கு ஒரு திட்டம் மட்டுமே காரணம் எனக் கூற இயலாது. எனினும், குழந்தைகளின் இதய நோயைத் தனி இலக்காகக் கொண்டதன் பங்கை மறுக்கவும் இயலாது.

குழந்தைகளின் பிறவிக் குறைபாடுகளைக் கண்டறியும் தேசியத் திட்டத்தை மத்திய அரசு 2013-லேயே தொடங்கியது. இதய நோயும் அதன் பட்டியலில் உள்ளது. ஆனால், பட்டியலில் இருப்பது வேறு. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் நள்ளிரவிலும் குழந்தையின் இதயத்தை அளக்கத் தெரிந்த மருத்துவர் இருப்பது வேறு.

சிசு மரணம் அதிகமுள்ள மாநிலங்களில் அத்தகைய மருத்துவர்களை உருவாக்கும் பயிற்சிக்கு நிதி ஒதுக்குவதே மத்திய, மாநில அரசுகளின் உடனடிக் கடமை. அமைச்சரின் கவனத்துக்கு வரும் குழந்தைக்குச் சாலை திறக்கிறது. வராத குழந்தைகளுக்கும் அது திறக்க வேண்டும்.